இயக்குநரின் காட்டு ஈ

அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், கழிவறையை ஒட்டிய அறையில், ஈக்காரி பதினோரு வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் ஜனங்கள் கொல்லையிலும் பக்கத்துக் காட்டிலும் பிடித்த குட்டி ஈக்களை மருந்து பாட்டிலில் அடைத்து அனுப்புவார்கள். 'இது புது இனமா?' என்று கூடவே ஒரு கடிதமும் இருக்கும். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இறக்கை நரம்பைப் பார்த்து, முதுகு முடியை எண்ணி, அப்போதும் தெளியாவிட்டால் ஈயின் பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, 'இல்லை, சாதாரண ஈதான்' என்று மரியாதையாகப் பதில் எழுதுவாள். "மருமக என்ன வேலை பாக்குறா?" என்று உறவில் யாராவது கேட்டால் மாமியார், "ஈ ஓட்டுறா" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அவளை நிரந்தரமாக்க வேண்டியவர் இயக்குநர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் நடுக்காட்டு ஓடையில், இறக்கையில் பழுப்புப் பட்டை போட்ட இரண்டு ஈக்களைப் பிடித்தார். இரண்டும் பெண். புது இனம் என்று முடிவாயிற்று. தான் பிடித்த ஈக்குத் தன் பெயரைத் தானே வைப்பது இந்தத் தொழிலில் அசிங்கம். மனிதர் அசிங்கம் தெரிந்தவர், ஒரு நண்பரைப் பிடித்து வைக்கச் சொன்னார். அந்த ஈயின் படம் கதவளவு பெரிதாக அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. உள்ளே போகிறவர்கள் யாருக்கு வணக்கம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு வருவார்கள்.

நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில் அவள் வீட்டுக்காரர் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஈக்காரி போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த துண்டு மண்ணில் விழுந்தது.

"அசையாதீங்க!"

"ஐயோ, பாம்பா?"

"ஈ."

"அடிப்பாவி! ஒரு ஈக்கா இந்தக் கத்து கத்துற?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு. ஜோடியா இருக்கு. மூச்சு விடாதீங்க."

அவர் பனியனின் முதுகில் இரண்டு ஈக்கள் இந்த உலகத்தையே மறந்து கூடிக்கிடந்தன. ஆண், எல்லார் வீட்டிலும் திரியும் சாம்பல் நிறக் கொல்லை ஈ. பெண்ணின் இறக்கையில் பழுப்புப் பட்டை. கொல்லை ஈயில் இதுவரை கையில் கிடைத்ததெல்லாம் ஆண்தான். பெண் எங்கே என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்டதில்லை, எங்காவது வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக் குப்பியை ஜோடியின் மேல் கவிழ்த்து மூடினாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ உங்க பெரியவரோட காட்டு ஈ?"

"நம்ம கொல்லை ஈயோட பொண்டாட்டி."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "வாயைத் திறந்துடாத. எனக்கு இந்த முதுகுவலியோட கடையில இன்னும் எத்தனை நாள் நிக்க முடியும்னு தெரியல. உன் வேலையை நம்பித்தான் இருக்கோம். பதினோரு வருஷம் பொறுத்தாச்சு, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அலுவலகத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். தான் நினைத்தது தப்பாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே பார்த்தாள். முடிக்கு முடி, நரம்புக்கு நரம்பு, சுவரில் தொங்கும் அதே அம்மாள்தான். சரி, இப்போது என்ன செய்வது? ஜோடியாகப் பிடித்ததைப் பிரிக்காமல் ஒரே குப்பியில் போட்டுச் சீட்டு எழுத வேண்டும், எழுதியதைத் தூக்கி எறியக் கூடாது. ஈ பார்ப்பவர்களுக்கு இது சத்தியம். மேலிடத்து உத்தரவைக்கூட எறிந்துவிடுவார்கள், சீட்டுள்ள ஈயை எறிய மாட்டார்கள். எனவே ஒழுங்காகச் சீட்டு எழுதினாள். இடம், எங்கள் வீட்டுக் கொல்லை. தேதி. பிடித்தவர் பெயர். இனம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிற உலகத்தில் இரண்டு ஈயை மறைப்பதா பெரிய வித்தை? இனம் தெரியாதவற்றைப் போடும் அலமாரியின் கடைசி இழுப்பறை பாதிக்கு மேல் திறக்காது. அவளே அதன் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து, தோள் வரை கையை விட்டுக் குப்பியை ஒரு மூலைக்குத் தள்ளினாள். 'டிங்' என்று கண்ணாடியில் கண்ணாடி இடித்தது.

வெளியே எடுத்தாள். தூசி படிந்த குப்பி. உள்ளே பட்டை போட்ட ஒரு பெண், சாம்பல் நிறத்தில் ஓர் ஆண், ஜோடியாக. பதினேழு வருடத்துக்கு முந்தைய தேதி. இடம், என் வீட்டுக் கொல்லை, குழாயடி. கீழே பிடித்தவர் பெயர், இயக்குநரின் குண்டு குண்டான கையெழுத்தில். இனம்: பிறகு பார்க்கலாம்.

ஈக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவர் மறைத்து வைத்த பதினேழு வருடத்தைப் போலத் தனக்கும் முதல் அரைமணி நேரம் முடிந்திருக்கிறது என்று தோன்றியது. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இயக்குநர் அறையில் ஆணை மேஜைமேல் தயாராக இருந்தது. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாம்மா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவள் இரண்டு குப்பிகளையும் ஆணையின் மேலேயே வைத்தாள்.

அவர் தன் குப்பியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தொழில் தெரிந்த மனிதர்தானே. முகம் காது வரை சிவந்தது.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவர் முதுகுலதான் சார் உட்கார்ந்திருந்துச்சு."

அவர் ஆணையைக் குப்பிகளுக்கு அடியிலிருந்து மெல்ல உருவி இழுப்பறைக்குள் வைத்தார். "உன் விஷயம்... பிறகு பாக்கலாம்மா."

அவளுக்கு வீட்டுக்காரரின் முதுகு ஞாபகம் வந்தது. ஆனாலும் கையை நீட்டினாள். "பேனா கொடுங்க சார்."

ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டார். அவள் நின்றபடியே இரண்டு சீட்டிலும் 'பிறகு பார்க்கலாம்' என்பதை அடித்துவிட்டு, 'கொல்லை ஈ, ஆணும் பெண்ணும்' என்று எழுதினாள். பேனாவை மூடாமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மை நல்லாத்தான் வருது சார்" என்றாள்.