கறுப்பு வயலின்

…அவளுக்கென்ன, அப்பா கொடுத்த நல்ல வயலின் கையில் இருக்கிறது, தானாக வாசிக்கும், என்று நூறாவது தடவையாக முணுமுணுத்துக்கொண்டே அக்காக்காரி வில்லை இழுத்தாள், எண்பது பேர் வாத்தியக்குழுவில் முதல் நாற்காலி அவளுடையதுதான், இருந்து என்ன, நடுமேடையில் தனியாக நின்று வாசிப்பது தங்கை, ஊரெல்லாம் தேடி அழைக்கிற தங்கை, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை, ஒத்திகையில்கூட இருவரும் குழுவை நடத்துகிற கோல்காரரைப் பார்த்தேதான் பேசினார்கள், பாவம், அந்த மனுஷன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்… வீட்டில் இரண்டு வயலின் இருந்தது, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சிவப்பைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, "நீ பெரியவ, அனுசரிச்சுப் போம்மா" என்றார், அன்று பிடித்த அனுசரிப்பு! தனியாக வாசிக்க இடம் கேட்டுப் போன தேர்வுகள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சு, வாசிப்பு சுத்தம், நாதம்தான் எழும்பவில்லை, எப்படி எழும்பும், கட்டையைப் போல ஒரு வயலினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடைசிப் பகுதி வந்துவிட்டது, பக்கம் திருப்பு, மனசே, எண்ணு, ஒன்று, இரண்டு…

டப். தங்கையின் வயலினில் ஒரு தந்தி அறுந்து தொங்கியது. இசை நிற்கக் கூடாது, அதுதான் முறை, தனி வாசிப்பவர் முதல் நாற்காலியின் வயலினை வாங்கிக்கொள்ள வேண்டும், முதல் நாற்காலி பின்னால் இருப்பவருடையதை, அறுந்தது கடைசி வரிசைக்குப் போய்த் தந்தி மாற்றிக்கொண்டு திரும்பி வரும். யோசிக்குமுன் கை நீண்டுவிட்டது. கறுப்பு போயிற்று. பின் நாற்காலியில் ஒத்திகை முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தவரின் வயலின் வந்தது, தாடை வைக்கிற இடமெல்லாம் வேர்வை, சீச்சீ… படட்டும், இந்தக் கட்டையோடு அவளும் கொஞ்சம் படட்டும், அப்போது தெரியும் என் பாடு.

தங்கை வில்லை வைத்தாள்.

ஐயோ, இது எங்கிருந்து வருகிறது? இதே கறுப்புதானா? இருபத்தாறு வருஷம் என் கழுத்தோடு கிடந்ததே, ஒரு நாளாவது இப்படி வாயைத் திறந்ததா? மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை போகிறதே… அதற்குள் கைமாறிக் கைமாறிச் சிவப்பு அக்காவின் கைக்கு வந்து சேர்ந்தது, புதுத் தந்தியோடு, எத்தனை வருஷத்து ஆசை, எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற இடத்துக்கு முன் நாலு சுரம் முதல் நாற்காலிக்கு மட்டும் உண்டு, வாசித்தாள். சுத்தமாக இருந்தது. எழும்பவில்லை. அவளுடைய அதே பழைய நாதம், அட்சரம் பிசகாமல், சிவப்பிலிருந்து.

கைதட்டல். ஜனம் எழுந்து நின்றது. தங்கை குனிந்து வணங்கிவிட்டு நேரே அவளிடம் வந்தாள், பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, காதோரமாக.

"நல்லதை அப்பா உனக்குத்தான் குடுத்தாருன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா."

குத்துகிறாளா? இல்லை, கண் கலங்கியிருக்கிறது, நிஜமாகவே நம்பியிருக்கிறாள், அவளும் இத்தனை வருஷமாக… இல்லை என்று சொல்லலாம், ஆமாம் என்றும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் இனி யாரைக் குறை சொல்வது? தங்கை கறுப்பை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா அதை இன்னும் வாங்கவில்லை.