பெப்பருக்கு ஏன் ஜூலையில் முடி கொட்டியது

முயல் வளர்ப்பவர்களிடம் போய்க் காரணம் கேட்கவே கூடாது. அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். லேனி பிங்காமன் கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று கேட்காமல் அடங்காத வாய். மூன்று வருடங்களாக அவளுடைய கறுப்பு ஹவானா இன முயல்கள், ஜூலையில் நடக்கும் கவுண்டி, அதாவது மாவட்டக் கண்காட்சிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது முடி கொட்டத் தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் மை தடவியதுபோல மின்னும். ஜூலை பிறந்தால் தையல் பிரிந்த தலையணைதான். மூன்று வருடமும் கடைசி இடம்.

பிள்ளைகளுக்குப் பிராணி வளர்க்கச் சொல்லித்தரும் 4-எச் கிளப்பில் கேட்டாள். சூரியகாந்தி விதை போடு என்றார் ஒருவர். ஒரு வருடம் போட்டாள், கொட்டியது. தண்ணீரில் ஆப்பிள் வினிகர் விடு என்றாள் ஒருத்தி. அடுத்த வருடம் விட்டாள், கொட்டியது. "உன் முயலுக்கு உன்னைப் பிடிக்கல" என்றான் ஒரு பையன். அதை மட்டும் அவள் சோதித்துப் பார்க்கவில்லை.

முயல் கூண்டுகள் இருந்தது அவள் அப்பா டுவைட்டின் ஷெட்டில். டுவைட் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பகலில் தீவன ஆலையில் வேலை, சாயங்காலம் ஷெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது அவர் மனைவி போட்ட சட்டம். சர்ச்சுக்குப் போய் வந்த கை எண்ணெயில் முங்கக் கூடாதாம். அதனால் ஞாயிறு சாயங்காலங்களில் டுவைட், "முயலுக்குத் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வர வெகுநேரம் ஆகும்.

அந்தப் பிப்ரவரியில் ஷெட்டில் இடம் போதாமல் நான்கு இயந்திரங்கள் வெளியே பனியில் நின்றன. டுவைட்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த வருஷமும் முதல் பரிசு நீல ரிப்பன் இல்லைன்னா முயலையெல்லாம் வித்துடணும், லேனி. அடுத்தவங்க மிஷின் வெளியே நின்னு துரு ஏறுது. என் மானம் போகுது."

"ரிப்பன் வந்தா?"

"வந்தா ஷெட்டு உனக்கு. நான் கராஜ்ல போய் முடங்கிக்கறேன். போதுமா?"

வாய் தவறி வந்த பேச்சு. ஆனால் லேனி அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். முயல் போய்விடும் என்பது அவளுக்குக் கவலைதான். ஏன் என்று தெரியாமலே போய்விடும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

அவளிடம் இருந்த முயல்களில் இரண்டு, ஒரே வயிற்றில் பிறந்த பெண் முயல்கள். காதில் எட்டாம் நம்பர் பச்சை குத்தியது பெப்பர். மூன்றாம் நம்பர், பிளம். உஷ்ணம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, பிளம்மை மட்டும் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைக்கு மாற்றினாள். பெப்பர் ஷெட்டிலேயே இருந்தது. தீவனம் ஒன்று, தண்ணீர் ஒன்று. இரண்டு இடத்திலும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டாள். அங்கேதான் முதல் அடி விழுந்தது. நிலவறையில் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடுவதால் குளிரவே இல்லை. ஷெட்டிலும் அப்பாவின் ஹீட்டர் ஓடியது. இரண்டு தெர்மாமீட்டரும் ஒட்டிப் பிறந்ததுபோல ஒரே எண்ணைக் காட்டின.

மே பதினைந்துக்குள் கண்காட்சிக்கு எந்த முயல் என்று காது நம்பரோடு பெயர் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் பார்த்து பிளம் முடியை உதிர்த்துக்கொண்டு, பாதி உரித்த கோழியாக நின்றது. பெப்பரோ பளபளவென்று இருந்தது. யாராக இருந்தாலும் பெப்பரைத்தான் எழுதுவார்கள். லேனியும் எட்டாம் நம்பர் என்று எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் உழைத்தாள். நகம் வெட்டினாள். ஈரக் கையால் கழுத்திலிருந்து வால்வரை தடவித் தடவிப் பழைய முடியை எடுத்தாள். மேசையில் கம்பளத் துண்டு விரித்து, முன்கால் கண்ணுக்கு நேராக, பின்கால் இடுப்புக்கு நேராக வைத்து அசையாமல் உட்காரப் பழக்கினாள். பெப்பரும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் ஜூலை பதின்மூன்றாம் தேதி காலை, தடவிய கையோடு ஒரு கொத்து முடி வந்தது. அதே நாளில் நிலவறைக்குப் போய்ப் பார்த்தால், பிளம் புது முடி போர்த்தி, விளக்கேற்றியதுபோல உட்கார்ந்திருக்கிறது!

டுவைட் இறங்கி வந்து பிளம்மைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதன் இடது காதைப் புரட்டினார்.

"ஏம்மா, மூணுதானே போட்டிருக்கு? இந்தப் பக்கம் ரெண்டு வளைவு இழுத்தா எட்டு. பச்சை குத்தற பேனா உன்கிட்டதானே இருக்கு?"

லேனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ரிப்பன் வந்தால் ஷெட் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் டுவைட்தான். ஷெட்டும் வேண்டும், மகள் ஜெயிக்கவும் வேண்டும்.

"வேண்டாம்ப்பா."

"தப்புன்னு சொல்றியா? தப்புதான். ஒத்துக்கறேன்."

"அதில்ல. மாத்திட்டா, கொட்டினது எது, கொட்டாதது எதுன்னு நோட்டு குழம்பிடும். அப்புறம் ஏன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அடக் கடவுளே" என்றார் டுவைட். பச்சை குத்துகிற பேனா இருந்த இடத்திலேயே இருந்தது.

கண்காட்சி முயல் கொட்டகையில் மின்விசிறிகள் இரைந்தன. வெயில் தாங்காமல் ஒவ்வொரு கூண்டிலும் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலை வைத்திருந்தார்கள். முயல்கள் அதன்மேல் சாய்ந்து கிடந்தன. ஹவானா வகுப்பில் ஆறு முயல்கள். நடுவர் ரோண்டா ஸ்டட்லர் வெள்ளைக் கோட்டு போட்ட, கனத்த குரல்காரி. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பல், நகம், வால் எல்லாம் பார்த்தாள். பக்கத்தில் குறிப்பெழுதிய பெண் யாருடைய காது நம்பரையும் சரிபார்க்கவில்லை என்பதை டுவைட் கவனித்தார். கையில் எலுமிச்சைச் சர்பத்தோடு பின்னால் நின்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெப்பரின் முதுகில் நடுவர் ஊதினாள். கறுப்பு முடி எழும்பி அவள் வெள்ளைக் கோட்டில் போய் ஒட்டியது. யாரோ சிரித்தார்கள்.

"உடம்பு நல்லா இருக்கு. தோள் அழகு. முடிதான் கையை விட்டுப் போச்சு. ஆறாவது." பிறகு லேனியிடம் குனிந்தாள். "ஏம்மா, கொட்டற நேரத்துல இதைப் போயி கொண்டு வந்தே?"

"இது கொட்டும்னு எனக்குத் தெரியும் மேடம். போன மூணு வருஷமும் பன்னண்டுலேருந்து பதினாலுக்குள்ள. இந்த வருஷம் பதிமூணுன்னு எழுதி வச்சேன். பதிமூணாம் தேதியே கொட்டுச்சு."

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர் அதைச் சட்டை செய்யாமல் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "இதோட கூடப் பிறந்ததுக்கு இப்ப ஏன் கொட்டல?"

"அதான் தெரியல. தீனி, தண்ணி, சூடு எல்லாம் ஒண்ணுதான். நான் எழுதாம விட்ட ஏதோ ஒண்ணு இருக்கு."

"எங்கிட்டயும் எப்பவும் இப்படி ரெண்டு இருக்கும். வருஷா வருஷம் நவம்பர் ஷோவுக்குன்னே கொட்டும். இருபத்தெட்டு வருஷமா என் தலையெழுத்துன்னு விட்டுட்டேன்" என்றாள் நடுவர். மதிப்பெண் அட்டையின் பின்பக்கம் தன் முகவரியை எழுதினாள். "கண்டுபிடிச்சா எனக்குக் கடுதாசி போடு. மறந்துடாதே."

லேனி கூண்டுக்குத் திரும்பியபோது அழுகை வந்தது. கடைசி இடத்துக்காக அல்ல. முயல்களை விற்றுவிட்டால் எதை வைத்துக் கண்டுபிடித்துக் கடிதம் போடுவது?

பெப்பர் வாரம் முழுக்கக் கொட்டகையில்தான் இருக்க வேண்டும். இருவரும் ட்ரக்கில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சோளக் காடு தாண்டி வீடு நெருங்கும்போது டுவைட் கேட்டார்.

"பிளம் இருக்கற இடத்துல சாயங்காலம் வெளிச்சம் இருக்குமா?"

"ஜன்னல் முன்னாடி புதர் மண்டிக் கிடக்கு. ஆறு மணிக்கே இருட்டு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சாப்பிட்டுவிட்டு மிச்சமிருந்த முயல்களுக்குத் தீவனம் வைக்க லேனி ஷெட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்துவிட்டது. எப்போதும் தூரத்திலிருந்தே வெள்ளையாக எரியும் ஷெட்டின் நீளக் குழல் விளக்குகள் அன்று எரியவில்லை. கதவைத் தள்ளினாள். உள்ளே கவிழ்த்த வாளிமேல் அப்பா உட்கார்ந்திருந்தார். பெஞ்சிலிருந்து கழற்றிய இரும்புப் பிடிப்பான் அவர் காலடியில் கிடந்தது. ஆணிப் பெட்டிகள் கதவோரம் அடுக்கியிருந்தன. முயல்கள் இருட்டில் அசையாமல் படுத்திருந்தன.

"அப்பா? ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"எழுதிக்கோ." டுவைட் மேலே கை காட்டினார். "நீ எட்டரைக்குத் தூங்கப் போயிடுவே. உனக்குத் தெரியாது. ராத்திரி பத்தரை வரைக்கும் இந்த ரெண்டு விளக்கும் எரியும். உன் முயலுங்க தலைக்கு மேலேயே. பனிக்காலத்துலயும்தான். அதுங்களுக்கு எப்ப ராத்திரி, எப்ப முடி மாத்தணும்னே தெரிஞ்சிருக்காது. நாலு வருஷமா."

லேனி பேனாவைத் திறந்தாள். ஷெட் அப்பாவுக்கு என்று தீர்ப்பாகிவிட்ட நாளில், அப்பாவே தன் சாமான்களைக் கழற்றிக் கதவோரம் வைத்து முயல்களுக்கு இடம் விடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"தினமுமா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

டுவைட் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது; உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையும்தான்" என்றார், குரலைத் தாழ்த்தாமல்.

லேனி எழுதிக்கொண்டாள்.