கையில் இருந்த குண்டுகள்

அன்று கிருசாந்தனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: அத்தான் சும்மா நிற்க வேண்டும்.

அத்தான் சண்முகராசா சும்மா நிற்கிற ஆள் இல்லை. நோர்பரியில் கடை வைத்திருக்கிறவர். அதற்கு முன் பாரிசில் பத்து வருடம் இருந்தவர். இரும்புக் குண்டு எறிகிற பெதாங் விளையாட்டில் பிரெஞ்சுக்காரருக்கு அடுத்தது தான்தான் என்று நினைப்பு. அங்கே அவர் பூங்கா வாங்கில் குந்தியிருந்து பார்த்ததோடு சரி என்று அக்கா ஒருநாள் போட்டுக்கொடுத்திருந்தாள்.

கிடங்கில் இரவு வேலையை விட்டபிறகு கிருசாந்தன் அவர்கள் வீட்டில்தான் இருந்தான். காலையில் எழும்பி கோலியர்ஸ் வுட் பூங்காவுக்குப் போய், சரளைத் தரையில் தனியே இரும்புக் குண்டு எறிவான். தூரத்தில் குறியாகக் கிடக்கும் சின்ன மரக்குண்டை நேராக எறிந்து அடிக்க அவனால் முடிந்தது. வேறெந்த வேலையிலும் கை இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை. அன்றைய இறுதியாட்டத்தில் அவனும் அத்தானும் ஒரு சோடி. வெல்லும் சோடி கிளப் சார்பில் தென்பகுதிப் போட்டிக்குப் போகும். அவனுக்குப் போக வேண்டும்.

எதிரே மாதவனும் பிரீத்தாவும், சென்னையிலிருந்து வந்த கணவன் மனைவி. பிரீத்தா மரக்குண்டின் பக்கத்தில் வைப்பாள். மாதவன் மற்றவர் குண்டைத் தட்டிவிடுவான். யார் எப்போது எறிவது என்று அவர்களுக்குள் பேச்சே வராது. இந்தப் பக்கம் அத்தான் வைத்ததுதான் சட்டம். மூத்தவர், வீடும் அவருடையது.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு என்று பின்தங்கி நின்றார்கள். பதின்மூன்று எடுப்பவர் வெல்வார். எதிராளிகள் ஆறு குண்டுகளையும் எறிந்து முடித்துவிட்டார்கள். மரக்குண்டுக்கு ஆகக் கிட்டக் கிடந்தது பிரீத்தாவின் குண்டு; அப்படியே விட்டால் ஆட்டம் அவர்களுக்கு. கிருசாந்தனிடம் ஒரு குண்டு, அத்தானிடம் இரண்டு.

மரக்குண்டு எல்லை நூலுக்கு ஒரு சாண் உள்ளே கிடந்தது. அதை வெளியே அடித்தால் சுற்று அதோடு முடியும். எதிராளியிடம் குண்டு இல்லாவிட்டால், இவர்கள் கையில் எறியாமல் மிஞ்சும் குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அத்தான் கையில் இரண்டு. பதின்மூன்று.

கிருசாந்தன் எறியும் வட்டத்தை நோக்கிப் போனான்.

"பொறு. பெரியாக்கள் நிக்கிறம்தானே," என்று அத்தான் அவனை விலக்கிவிட்டு வட்டத்துக்குள் ஏறினார்.

வீசினார். குண்டு தரையில் குத்தி எங்கோ ஓடியது.

"அத்தான், மற்றதைக் கையிலை வச்சிருந்தால் நல்லம்."

"வச்சு? ஊறுகாய் போடவோ?"

அடுத்ததும் போயிற்று. கடைசிக் குண்டை கிருசாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான். மரக்குண்டு நூலைத் தாண்டிப் பறந்தது. இப்போது இரு பக்கமும் வெறுங்கை. யாருக்கும் புள்ளி இல்லை. தோல்வி தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

"செம அடி பாஸ்!" என்றான் மாதவன். பிறகு அத்தானிடம், "சார், அந்த ரெண்டையும் நீங்க எறியாம வச்சிருந்தா இப்பவே ஜெயிச்சிருப்பீங்க. கையில இருந்தாலே பாயிண்டு."

அத்தானின் முகம் கறுத்தது. கிருசாந்தன் பக்கம் திரும்பினார். "இது உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சும் விளங்கச் சொல்லாமல் நிண்டனியோ?"

"சொன்னால் கேக்கிற ஆளோ நீங்கள்?" அவனுடைய குரல் பூங்காவுக்கே கேட்டது. "இனி நான் சொல்லாமல் ஒண்டும் எறியாதேங்கோ!"

பிரீத்தா குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்தாள். அத்தான் தன் மூன்று குண்டுகளையும் பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாய்ப் போய் நின்றார்.

அடுத்த சுற்றில் கிருசாந்தன் தனியேதான் விளையாடினான். ஒன்றைக் கிட்ட வைத்தான், மாதவன் தட்டினான். மறுபடி வைத்தான், மறுபடி தட்டினான். மூன்றாவது மரக்குண்டோடு உரசி நின்றது. மாதவனின் கடைசிக் குண்டு அதையும் தூக்கி எறிந்தது. பிரீத்தா தன் மூன்றையும் எறிந்து முடித்தாள். ஒன்று மரக்குண்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு முழம்! யார் எறிந்தாலும் அதைவிடக் கிட்டப் போடலாம்.

"அத்தான், இப்ப போடுங்கோ. அடிக்க வேண்டாம், மெல்லமாய் உருட்டிவிடுங்கோ."

"கையிலை இருந்தால் புள்ளியாம். மூண்டு வச்சிருக்கிறன்."

"மரக்குண்டு வெளியிலை போனால்தான் அது! விசர்க்கதை கதையாதேங்கோ!"

"ஓம். நான் விசரன்தான்."

ஒரு குண்டை எறிய ஒரு நிமிடம்தான் தருவார்கள்; தவறினால் அந்தக் குண்டு செல்லாது. 'மன்னியுங்கோ' என்று ஒரு சொல் போதும், அவர் எறிந்துவிடுவார். அது கிருசாந்தனுக்குத் தெரியும். மாதவன் பார்த்துக்கொண்டு நின்றான். கிருசாந்தன் அந்தச் சொல்லைச் சொல்லாமல் மரக்குண்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாதவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு கையை நீட்டினான். மூன்று எறிக்கும் நேரம் போய்விட்டது.

கார்த் தரிப்பிடத்தில் அத்தான் எஞ்சினைப் போட்டு வைத்திருந்தார்.

"ஏறு. அக்கா புட்டு அவிச்சு வச்சிருக்கிறாவாம்."

கிருசாந்தன் ஏறினான். அத்தானின் மூன்று குண்டுகளும் முன் இருக்கையில் கிடந்தன. அவற்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் அவன் உட்கார வேண்டியிருந்தது.