ஒட்டிக்கொண்ட ரிலே

"ஹீட்டர் அணைஞ்சுதான் இருக்கு. திரையிலயே போட்டிருக்கே!" என்றாள் அக்கா.

அவள் சொன்னது உண்மைதான். அலுவலக அறைத் திரையில் 'ஹீட்டர்: நிறுத்தம்' என்று பச்சையில் இருந்தது. அதற்கு மேலேயே முப்பத்தெட்டு புள்ளி ஆறு டிகிரி என்று சிவப்பில் மினுங்கியது. ஹீட்டரும் நின்றுவிட்டதாம், சூடும் ஏறுகிறதாம். இரண்டில் ஒன்று வாய்கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில், ஆளுயரப் பொரிப்பு இயந்திரத்துக்குள் நாலாயிரம் முட்டைகள். இன்று இருபதாம் நாள். நாளைக்குக் குஞ்சுகள் வெளியே வர வேண்டும். சூடு நாற்பதைத் தொட்டால் எல்லாம் உள்ளேயே செத்துப்போகும். போன தடவை மின்சாரம் போய் மொத்தமும் பாழானது. இதுவும் போனால் பண்ணையை இழுத்து மூடிவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிற ஆளில்லை.

"சென்சார்தான் கெட்டுப்போச்சு. நான் பார்த்து வாங்கின சனியன் அது, என்னைத்தான் உதைக்கணும்," என்றார் அத்தான். "பத்தே நிமிஷம், மாத்திடறேன். வயர்க்காரி, அந்த ஸ்க்ரூடிரைவரைக் குடு."

வயர்க்காரி என்பது சின்னவளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர். இயந்திரத்தின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியைப் பொருத்தியதும், அதிலிருந்து அலுவலகத் திரை வரைக்கும் சீரியல் கேபிள் இழுத்ததும் அவள்தான். வெளியாளைக் கூப்பிடலாம் என்று அத்தான் சொன்னபோது, "என் தங்கச்சி இருக்கா" என்று மார்தட்டியவள் அக்கா.

ஸ்க்ரூடிரைவரை எடுத்த கை அப்படியே நின்றது. சென்சாராகவே இருந்துவிடக் கூடாதா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திரை சொல்வதன் அர்த்தம் அவளுக்குத்தானே தெரியும். ஹீட்டர் நின்றுவிட்டது என்று கேபிள் சொல்லவில்லை. நிற்கச் சொல்லி கன்ட்ரோலர் உத்தரவு போட்டுவிட்டது என்பதோடு சரி. உத்தரவைக் கேட்டு நடக்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவு ரிலே ஸ்விட்ச். அத்தனை பெரிய ஹீட்டரை அந்தப் பொடியன் தலையில் நேராகக் கட்டக் கூடாது, நடுவில் பெரிய மின்சாரத்தைத் தாங்கும் ஒரு கான்டாக்டர் வைத்தே ஆக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. "இதுவே தாங்கும்" என்று அன்று அரை நாள் வேலையை மிச்சம் பிடித்தாள்.

பக்கத்து அறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் காதை வைத்தாள். "அக்கா, ஹீட்டரைத் திரையில போட்டுட்டு உடனே அணை!"

பெட்டியில் குட்டி விளக்கு எரிந்தது, அணைந்தது. கேட்க வேண்டிய 'டக்' கேட்கவே இல்லை. உள்ளே ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

"முப்பத்தொம்பது புள்ளி ரெண்டுடி!" அக்காவின் குரல் கீச்சிட்டது.

சின்னவள் ஹீட்டரின் மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினாள். இயந்திரத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. மின்விசிறி இரைந்தது. முட்டைகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அத்தான் புது சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவாளி மாதிரி நின்றார். பழியை அவராகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பேசாமல் இருந்தால் போதும். அவளால் முடியவில்லை.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு அத்தான். ரிலே ஒட்டிக்கிச்சு. கான்டாக்டர் வைக்காம விட்டது நான்தான்."

வாசலுக்கு வந்துவிட்ட அக்கா அவளைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். கணவர் பக்கம் திரும்பினாள். "அந்தச் சாமான் வாங்கிட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம்." சாவியை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார்.

"அதுவரைக்கும் அந்த ரிலே வேலைய நீ பாரு," என்றாள் அக்கா. "நான் திரையைப் பார்த்து நம்பர் சொல்றேன். வேற ஒரு வார்த்தை உனக்கும் எனக்கும் கிடையாது."

சூடு இறங்கியதும் சின்னவள் கதவுகளை மூடினாள்.

"முப்பத்தேழு புள்ளி ரெண்டு." ஸ்விட்சை மேலே ஏற்றினாள்.

"புள்ளி அஞ்சு." கீழே இறக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எண்கள் மட்டும் வந்தன. உள்ளங்கை சிவந்து காந்தியது. தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. உள்ளே இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா, இல்லை செத்த முட்டைகளுக்குத்தான் இவ்வளவு பணிவிடையா என்று கேட்க ஆளில்லை.

மூன்றாவது மணி நேரத்தில், விசிறியின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ கீறியது. கதவில் காதை ஒட்டினாள். மெல்லிசாக ஒரு 'கீச்'. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மேல்தட்டிலிருந்து ஒரு கூட்டமே.

"அக்கா! கத்துதுக்கா!"

அத்தனை நேரத்தில் முதல் தடவையாக எண் வரத் தாமதமானது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"முப்பத்தேழு..." என்ற குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "புள்ளி அஞ்சுடி."

சின்னவள் ஸ்விட்சைக் கீழே இறக்கினாள்.