நாற்பது நாள் தவணை

ஆறு தேனீப் பெட்டியையும் எரிக்க வேணுமாம்! ஓர்ஸ் ஹில் பக்கத்து அரசாங்கக் கந்தோரிலிருந்து லோஞ்சேறி, பஸ்ஸேறித் தோப்பூர் வரைக்கும் வந்த தேனீ உத்தியோகத்தர் யோகராசா, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சொன்ன முதல் கதை அதுதான். அதுவும் எப்படி? லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்று.

றஹ்மாவுக்கு வந்ததே கோபம். அந்தப் பெட்டிகள் அவளுக்குச் சீதனமாக வந்ததுமில்லை, புருஷன் வாங்கிக் கொடுத்ததுமில்லை. தேனீ வளர்ப்பு வகுப்பில் முப்பது ஆம்பிளைகளுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒற்றைப் பொம்பிளையாகப் போய்க் குந்தியவள் அவள். ஒரு பெட்டியோடு தொடங்கி நாலு வருசத்தில் ஆறாக்கினாள். "பூச்சிக்குப் பால் குடுக்கப் போறாவோ?" என்று சிரித்தவர்களே இப்போது தேன் கேட்டு அவள் படலையில்தான் வந்து நிற்கிறார்கள். ஆறும் எரிந்துபோனால் மறுபடி தொடங்க அவளை யார் விடப்போகிறார்கள்?

நோய் வந்தது உண்மைதான். அவள் மறைக்கவில்லை, கடிதம் போட்டு ஆளைக் கூப்பிட்டதே அவள்தான். மாரி முடிந்த கையோடு பெட்டியைத் திறந்தால் குப்பென்று புளித்த நாற்றம். வெள்ளைவெளேரென்று சுருண்டு கிடக்க வேண்டிய புழுக்கள் மஞ்சளாகி, முறுகி, அறைக்கு மூடி போட முன்னமே செத்துக் கிடந்தன. ஆறு பெட்டிக்கும் அதைப் பரப்பியது யார்? அவளேதான். மாரியில் பூ இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த சீனி வீட்டுக்கே காணாது. பசி கிடந்த அஞ்சு பெட்டிக்கும் கொழுத்திருந்த முதல் பெட்டியின் தேன்வதையை அடையடையாக வெட்டி வைத்தாள். இருக்கிறது இல்லாததுக்குக் கொடுக்கட்டுமே என்று நினைத்தாள். கிருமியும் அந்தத் தேனோடு வீடு வீடாகப் போனது. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஐயா, உங்கட கந்தோரால வகுப்பில தந்த கடதாசிய நீங்க வாசிச்சனீங்களா?" என்று கேட்டாள்.

"கதை வேண்டாம் அக்கா. புழு அழுகினா எரிக்கச் சொல்லி ஓடர்."

"ஓடரா? நில்லுங்க." உள்ளே போய் அலுமாரியிலிருந்த கடதாசியோடும் ஒரு தென்னை ஈர்க்கோடும் திரும்பி வந்தாள். "அழுகல் ரெண்டு சாதியாம். செத்த புழுவக் குத்தி இழுக்கக்குள்ள பிசின் மாதிரி நூல் விட்டா எரிக்கட்டாம். நூல் விடாட்டிக் காப்பாத்தலாமாம். இஞ்ச கிட்ட வந்து பாருங்க. அங்க நிண்டு மூக்கப் பொத்தினா என்ன தெரியும்?"

"இஞ்ச, அவர் கவண்மேந்து ஆள். வாயக் கொஞ்சம் அடக்கு புள்ள," என்றான் வேலியோரம் நின்ற புருஷன் ஸஹாப்தீன்.

"கவண்மேந்துக்கும் மூக்கு இருக்குத்தானே!"

யோகராசா வந்து குனிந்தார். றஹ்மா செத்த புழுவில் ஈர்க்கை விட்டு இழுத்தாள். நூல் வரவில்லை, தண்ணியாகச் சொட்டியது. இன்னொரு அறையிலும் அப்படித்தான். ஆறு பெட்டியிலும் இழுத்து இழுத்துக் காட்டினாள்.

"சரி அக்கா, ஒத்துக்கொள்ளுறன். ஆனா மற்ற ஆக்களிண்ட பெட்டிக்குப் பரவினா நான்தானே பதில் சொல்லோணும்?"

"நாப்பது நாள் தாங்க ஐயா. நாப்பதாம் நாள் எந்தப் பெட்டியில ஒரு மஞ்சள் புழுக் கிடந்தாலும் நீங்க எரிக்கத் தேவையில்ல. அந்தப் பெட்டிய நானே எரிப்பன்."

யோகராசா தவணையைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போனார். அன்றைக்கே றஹ்மா புழு வதைகளையெல்லாம் வெட்டிக் குழியில் போட்டு எரித்தாள். ராணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சின்னக் கம்பிவலைக் கூட்டில் அடைத்தாள். ராணி முட்டை போடாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் கிருமிக்குத் தீனி இல்லை. அதற்கிடையில் மற்றத் தேனீக்கள் வீட்டைக் கூட்டித் துடைத்துவிடும். ரெண்டு கிழமை கழித்துத் திறந்துவிட்டால் போதும். ஆனால் பழைய தேனைத் தீனியாகக் கொடுக்க ஏலாது, சீனிப்பாகுதான் கொடுக்க வேண்டும். கூப்பன் சீனி முழுக்கப் பெட்டிக்குப் போனது. ஸஹாப்தீன் வெறும் தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"பூச்சிக்கு இனிப்பு, புருசனுக்குக் கசப்பு. நல்ல நியாயம்!"

"சீனியில்லாம நீங்க மௌத்தாகமாட்டீங்க. அதுகள் செத்துப்போயிரும். குடிங்க."

குடித்தான். மூன்றாம் கிழமை கிண்ணியாவுக்குப் போய், மச்சானிடம் கெஞ்சி ஒரு கொத்துச் சீனி வாங்கி வந்தவனும் அவன்தான்.

நாற்பதாம் நாள் யோகராசா லேஞ்சியை எடுக்கவேயில்லை. தானே வதைகளைத் தூக்கிப் பார்த்தார். அஞ்சு பெட்டியிலும் புழுக்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவரே பெற்றெடுத்த பிள்ளைகள் என்று நினைக்க வேண்டும். கடைசியாக முதல் பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளைக்கு நடுவில் மஞ்சள். ஒன்று, ரெண்டு, நாலு.

"யா அல்லாஹ்!" என்றாள் றஹ்மா. மற்ற அஞ்சும் அந்தப் பெட்டியிலிருந்து பிரிந்து போன குடும்பங்கள்தான்.

யோகராசா குரலைத் தாழ்த்தினார். "நாலே நாலுதானே அக்கா. தேறிடும். ஆறும் சுகமெண்டே எழுதிப்போடுறன். எனக்கும் நல்ல பேர்."

"ஐயாவே சொல்லுறார் புள்ள," என்றான் ஸஹாப்தீன்.

"ஐயா எரி எண்டு சொல்லக்குள்ள கேக்காதவள், விடு எண்டு சொல்லக்குள்ள மட்டும் கேப்பனா? இந்தப் பெட்டியில இருந்துதான் எல்லாத்துக்கும் போனது. இனி ஆர்ட பெட்டிக்கும் போகவேணாம்."

வெளியே போன கடைசித் தேனீயும் திரும்பும்வரை காத்திருந்தாள். மஃரிபுத் தொழுகைக்கு முன்னம் வாசலைக் களிமண்ணால் அடைத்து, பெட்டியைத் தானே சுமந்துபோய்க் குழிக்குள் இறக்கினாள். ஸஹாப்தீன் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தான்.

"நான் செய்யுறன். நீ உள்ளுக்குப் போ."

"தொடாதீங்க. சொன்னது நான்."

போத்தலை வாங்கி ஊற்றித் தானே நெருப்பு வைத்தாள். பெட்டிக்குள் இரைச்சல் எழும்பி அடங்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. யோகராசா திறந்த கொப்பியோடு, எழுதாமல் நின்றார்.

"எழுதுங்க ஐயா," என்றாள், முகத்தைத் துடைக்காமலே. "அஞ்சு சுகம். ஒண்டு எரிச்சது. எரிச்ச ஆளிண்ட பேர் றஹ்மா."