நான்காம் எண்ணின் முறை

நேர்முகத் தேர்வில் மூன்றாம் எண்காரன் தேகியம் வாயைத் திறந்ததுமே உன்சோல் வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"என் அம்மா சந்தையில கிம்ச்சி ஊறுகாய்க் கடை வச்சிருக்காங்க. நாலு வருஷம் முன்னாடி, குளிர்காலம் வர்றதுக்குள்ள வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு..."

அடப்பாவி! அது அவளுடைய அம்மா. அவளுடைய அம்மாவின் மணிக்கட்டு. இவன் அம்மா புசானில் பள்ளிக்கூட ஆசிரியை.

தேகியமும் அவளும் இன்னும் நான்கு பேரும் மூன்று மாதமாகச் சின்சோன் பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி செய்தவர்கள். ஒருவர் பதில் சொல்ல, மற்ற ஐவரும் அதிகாரிகளாக உட்கார்ந்து கிழி கிழியென்று கிழிப்பார்கள். உன்சோலின் இந்தப் பதிலை அதிகம் செதுக்கியவனே அவன்தான். "கிம்ச்சி பிசையுற அந்தச் சிவப்புக் கையுறைய முதல்லயே கொண்டாங்க, மனசுல நிக்கும்" என்று அவன் சொன்னபோது எவ்வளவு நன்றியாக இருந்தது அவளுக்கு! வங்கி வேலைக்குத்தான் போட்டிருப்பதாகச் சொன்னவன், இன்று காலை இந்த உணவு நிறுவனத்தின் காத்திருப்பு அறையில் வந்து நின்றான். "கடைசி நேரத்துல இதுக்கும் போட்டு வச்சேங்க" என்று இளித்தான்.

முப்பத்தொரு விண்ணப்பங்களில் நேர்முகம் வரை அவள் வந்தது இதற்கு மட்டும்தான்.

"அம்மாவுக்குப் பதிலா நான்தான் கையுறை மாட்டிக் கிம்ச்சி பிசைஞ்சேன். ஒரு நாள், என்கூடப் படிச்சவங்க சந்தைக்கு வந்தாங்க. அந்தச் சிவப்புக் கையுறையோடயே கையத் தூக்கி, 'இவங்கதான் என் அம்மா'ன்னு சத்தமா சொன்னேன். அந்த நாள்தாங்க என்னை மாத்தினது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று அதிகாரிகளில் நடுவிலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போச்சு! அந்தக் கண்ணீர் உன்சோலுக்காக வரவேண்டியது. இப்போது அதையே அவள் சொன்னால் காப்பியடித்தவள் அவள். 'அது என் கதை' என்று கத்தினால் பைத்தியக்காரி.

"நான்காம் எண். உங்களை மாத்தின நாள் எதுங்க?"

திருட்டுப் போனதை விடப் பெரிய அதிர்ச்சி அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. அவன் திருடியது அவள் வாழ்க்கையை அல்ல. அவள் புளுகிய புளுகை. அப்படி ஒரு நாள் நடக்கவேயில்லை.

நடந்தது வேறு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இப்போது வேறு எதுவும் மிச்சமில்லை.

"என் அம்மாவும் கிம்ச்சிக் கடைதாங்க" என்றாள். பக்கத்தில் தேகியம் விறைப்பது தெரிந்தது. "கையில கட்டோட உட்கார்ந்திருந்தாங்க. நான் கூடப் படிக்கிறவங்களோட அந்த வழியா வந்தேன். அம்மா கட்டுப் போட்ட கையத் தூக்கிக் கூப்பிட்டாங்க. பூண்டு வாடை, அழுக்கு ஏப்ரன்... எனக்கு வெட்கமா இருந்தது. 'யாரு அது?'ன்னு கேட்டதுக்கு, 'தெரியல, வேற யாரையோ கூப்பிடுறாங்க'ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். நான் பாத்துட்டுத்தான் போனேன்னு அம்மாவுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் தெனமும் கடைக்குப் போறேன். அவ்வளவுதாங்க."

கண்ணாடி அம்மாள் எதையும் துடைக்கவில்லை. எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா, யார் கண்டது?

வெளியே வந்ததும் தேகியம் ஓடி வந்தான். முகம் பேயறைந்தது போலிருந்தது. "இது உங்ககிட்ட இருந்துதா? ஏங்க பயிற்சியில சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் எடுத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சுரங்க ரயில் படிக்கட்டில் நின்று அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி கேட்டாங்க?"

"ஒரு நாளப் பத்திக் கேட்டாங்கம்மா. சொன்னேன்."

"எந்த நாளு?"

அந்தப் பக்கம் யாரோ முள்ளங்கிக் கிம்ச்சி விலை கேட்டார்கள். அம்மா விலை சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டுப் போட்ட கையத் தூக்கி நான் கூப்பிட்டேனே, அந்த நாளா?"

உன்சோல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா... உனக்குத் தெரியுமா?"

"என் முகத்தப் பாத்துட்டுத்தானடி திரும்பின. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நாலு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன், இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்க. எங்கிட்ட எப்போடி சொல்லப் போற?"