முத்தாலம்மாளுக்குப் பிரிய வேண்டிய காற்று

குரோம்பேட்டை நர்சிங் ஹோமில் அன்றைக்கு ஒரு குடும்பமே காற்றுக்காகக் காத்துக் கிடந்தது. கடற்காற்று இல்லை. முத்தாலம்மாளின் வயிற்றிலிருந்து பிரிய வேண்டிய காற்று.

இரண்டு வருடம் முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வெளியே தையல் நன்றாகத்தான் ஆறியது. உள்ளே ஆறிய புண்ணோ, கோந்து தடவினதுபோலக் குடலோடு குடலை ஒட்டிவிட்டது. அதிலிருந்து வாழைப்பூ தின்றாலும் வம்பு, அவசரமாகத் தின்றாலும் வம்பு. சிக்கு விழுந்த வலை மாதிரி வயிறு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் கூறு போடும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இரு கண்ணு, உள்ள ஒருத்தி கோச்சிக்கினு கீறா" என்று சிரிப்பாள்.

இந்தத் தடவை உள்ளே இருந்தவள் சமாதானமாகவில்லை. மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது.

"சாயங்காலத்துக்குள்ள காத்து பிரிஞ்சா நல்லது. இல்லன்னா வயித்தத் திறந்துதான் ஆகணும். திறந்தா மறுபடி ஒட்டலாம்" என்று டாக்டர் வைத்தீஸ்வரன் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அஞ்சலிக்கு வளைகாப்பு. பெற்றவள் கையால் வளையல் போட வேண்டும். ஒன்பதாம் மாதம், இனித் தள்ளிப்போட முடியாது. மறுபடியும் கத்தி வைத்தால் முத்தாலம்மாள் இந்தக் கட்டிலில்தான் கிடப்பாள்.

கணவர் பாலகுரு காலையிலிருந்து அவளை நடத்திக்கொண்டே இருந்தார். டிரிப்ஸ் கம்பியை அவர் தள்ள, வராந்தாவில் அம்மன் ஊர்வலம்போல நடந்தார்கள். நடுவில் அவர் மட்டும் கேண்டீனுக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வந்தார்.

மதியம் அஞ்சலியின் மாமியார் கங்கம்மா அஸ்தினாபுரத்திலிருந்து வந்துசேர்ந்தாள். பாலகுரு சட்டென்று துண்டை ஒழுங்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தி முன்னால் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார் மனுஷன்.

"இன்னா அண்ணி, ஏதாச்சும் ஆச்சா?"

"அத்த ஏன் கேக்கற. இந்த நாயித்துக்கெயம வளகாப்புக்கு..." என்று முத்தாலம்மாள் ஆரம்பித்தாள். அப்போதுதான் கட்டில் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், ஆனால் தெளிவான சத்தம்.

"ஐயோ, வந்துடுச்சு!" என்று கங்கம்மா கையைத் தட்டினாள். எதிர்க்கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாள். நர்ஸ் தமிழினி, "சூப்பர்ம்மா!" என்று கத்திக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

முத்தாலம்மாள் மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் கட்டினவன் மானம் சம்பந்தி முன்னால் போகும். சொல்லாவிட்டால் கஞ்சி கொடுப்பார்கள். முடிச்சுப் போட்ட குடலில் கஞ்சி இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் சிரித்த முகமாய் வந்துவிட்டார்.

"சந்தோஷம்மா. டியூப எடுத்துட்டுக் கஞ்சி ஆரம்பிக்கலாம்."

"சார்!" பாலகுரு எழுந்து நின்றார். துண்டு கீழே விழுந்தது. "அது அவளுது இல்ல சார்."

"அப்புறம்?"

"என்துதான் சார். சுண்டல் துன்னேன்."

கங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, உங்களுக்கா நான் கைய தட்னேன்?"

அவ்வளவுதான். முத்தாலம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்குக் குழாய் ஆட, கட்டில் ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ்... ஒன்துக்குப் போயி... ஊரே கும்புடுதேய்யா..." வலித்தது, ஆனாலும் நிற்கவில்லை. வயிற்றுக்குள் எங்கோ கடகடவென்று ஏதோ உருண்டது. வலையில் ஒரு முடிச்சு நழுவியதுபோல இருந்தது. பிறகு, முதல் சத்தத்தை வெட்கப்பட வைக்கிற மாதிரி ஒன்று, நீளமாக.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "இது யாருது?"

பாலகுரு இரண்டு கையையும் தூக்கினார். "ஆத்தா மேல சத்தியமா நான் இல்ல சார்!"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். "நல்லா ஓடுது. இன்னிக்குக் கத்தி வேணாம்மா."

ஞாயிற்றுக்கிழமை, மகள் கையில் முதல் வளையலை முத்தாலம்மாள்தான் போட்டாள். எல்லாரும் வகைவகையாய்ச் சோறு சாப்பிட, அவள் ஓரமாக உட்கார்ந்து ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மென்று விழுங்கினாள். ஒட்டினது ஒட்டினதுதான், இனி வயிற்றைத் தாஜா பண்ணித்தான் காலம் தள்ள வேண்டும்.

பந்தியில் சுண்டல் வாளி பாலகுருவை நெருங்கியது. கங்கம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"ஏய், எங்க அண்ணனுக்கு இன்னொரு கரண்டி போடு! அண்ணி வயித்துக்கு அவருதான் மருந்து."